ஐஸ் இறக்கும் நாள்

என் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எந்த வீட்டு ஃப்ரீசரில் ஐஸ் மலை மாதிரி ஏறினாலும் இவருக்குத்தான் போன் வரும். போய்க் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், அந்த வீட்டு ஜாதகத்தையே சொல்லிவிடுவார். பொலபொலவென்று உதிர்கிற ஐஸ் என்றால் நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவைத் திறக்கிற வீடு. கண்ணாடி போலக் கெட்டியாக இருந்தால், சூடு ஆறாத பாத்திரத்தை அப்படியே உள்ளே தள்ளுகிற வீடு. ஒரு மூலையில் மட்டும் ஏறியிருந்தால் அந்த இடத்தில் கதவு ரப்பர் போய்விட்டது. மனுஷன் பொய் சொல்லுவான், ஐஸ் சொல்லாது என்று போகிற இடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். எங்கள் வீட்டு ஐஸ் ஏழு மாதம் அவரிடம் பொய் சொன்னது. சொல்ல வைத்தவள் நான்.

பூட்டிலிருந்து ஆரம்பித்தால்தான் இது புரியும்.

என் மாமனார் முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். இரண்டு வருஷமாக அவருக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. மகனைச் சில நாள் தெரியும், சில நாள் டிரைவர் என்று நினைத்துக்கொள்வார். என்னைப் பயணி என்று நினைக்கிறார். எங்கே இறங்கணும் என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்பார். கோபக்காரர் இல்லை, கெட்டவரும் இல்லை. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்கிற அவசரம் மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை.

போன வருஷம் ஒரு நாள் நான் குளிக்கப் போனேன். தலைக்கு ஊற்றிக்கொண்டு வெளியே வருவதற்குள் வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது, ஆளைக் காணோம். ஆறு மணி நேரம் தேடினோம். கடைசியில் பஸ் டிப்போவின் பின்பக்கம், முழங்கால் கிழிந்து ரத்தம் காய்ந்து, ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தார். என் கணவர் அவரைக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் குழந்தை மாதிரி அழுதார். அன்று மாலையே கடைக்குப் போய் ஓர் இரும்புக் கொண்டியும் பூட்டும் வாங்கிவந்து, வாசல் கதவின் வெளிப்பக்கம் நாலு திருகாணி போட்டு முடுக்கினார்.

கொண்டியை உள்பக்கம் போட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தால் போதுமே என்று அப்போதே கேட்டேன். அவர் திருகாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கும் வீடு உன் பொறுப்புலதான் இருந்துச்சு," என்றார்.

ஈரத் தலையோடு நான் தெருத்தெருவாக ஓடியது அவருக்குத் தெரியும். நான் இன்னும் கனவில் ஓடிக்கொண்டிருப்பது தெரியாது.

மறுநாளிலிருந்து, ஞாயிறு உட்பட, தினமும் காலை எட்டரைக்கு வெளியே பூட்டு விழும். 'டக்' என்று ஒரு சத்தம், சாவியை உருவுகிற சத்தம், படியிறங்குகிற செருப்புச் சத்தம். மாலை ஏழு மணிக்கு இதே சத்தங்கள் தலைகீழாக வரும். நடுவில் பத்தரை மணி நேரம் நானும் மாமனாரும், ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஜன்னல் இல்லாத ஒரு சமையலறை. காய்கறியும் மளிகையும் அவரே வாங்கி வந்துவிடுவார். ஒரு குறையும் வைக்கவில்லை என்று அவர் நினைத்தார். பகல் முழுக்க என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார் என்பதைக் குறையில் அவர் சேர்க்கவில்லை.

எங்களுக்கு மூன்றாவது மாடி. படியேறி வருகிற எல்லோருக்கும் முதலில் தெரிவது கதவில் தொங்குகிற பூட்டுதான். பூட்டு தொங்கினால் வீட்டில் ஆளில்லை என்றுதானே அர்த்தம்? தபால்காரர் வந்து, ஒரு நிமிஷம் நின்று, திரும்பிப் போவார். கணக்கெடுக்க வந்தவர்கள் கதவில் சாக்பீஸால் ஏதோ கிறுக்கிவிட்டுப் போனார்கள். எதிர் வீட்டு டீச்சர் அக்கா யாரிடமோ, "பாவம், வேலைக்குப் போற பொண்ணு, பகல்ல இருக்க மாட்டா," என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மாமனார் வாயைத் திறந்துவிடக்கூடாதே என்று அவர் கையில் ஒரு பிஸ்கெட்டைத் திணித்துக்கொண்டு நின்றேன். சொந்த வீட்டுக்குள் திருடி மாதிரி. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. புருஷன் பூட்டிவிட்டுப் போகிறான் என்று எந்த வாயால் சொல்வது?

இனி ஃப்ரிட்ஜுக்கு வருகிறேன்.

எங்கள் ஃப்ரிட்ஜ் பழைய ஒற்றைக் கதவுப் பெட்டி. யாரோ வேண்டாம் என்று கழித்துவிட்டதை இவர் தூக்கி வந்து உயிர் கொடுத்தார். அதன் மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம். கதவில் அவர் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். திறந்தால் பத்து எண்ணுவதற்குள் மூடவேண்டும். ஆறாத பண்டம் உள்ளே போகக்கூடாது. எதை வைத்தாலும் ஈரம் துடைத்து, மூடி போட்டுத்தான் வைக்கவேண்டும். சுவரோடு ஒட்டித் தள்ளக்கூடாது. ஃப்ரீசரில் அரை விரல் கனத்துக்கு ஐஸ் ஏறினால் அவரிடம் சொல்லவேண்டும், நானாகக் கை வைக்கக்கூடாது. கடைசி வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு. கல்யாணமான புதிதில் நான் கத்தியால் ஐஸைக் குத்தி, உள்ளே இருந்த குழாயை ஓட்டை போட்டு, காஸ் முழுக்க வெளியே போன கதை அந்த இரண்டு கோடுகளில் இருக்கிறது.

ஊருக்கெல்லாம் ஐஸ் எடுக்கிறவருக்குக் கட்டியவளுக்கு ஐஸ் வைக்க மட்டும் தெரியாது. சமையலறைக்குள் வந்தால் முதலில் ஃப்ரிட்ஜைத் தொட்டுப் பார்ப்பார், அப்புறம்தான் என்னைப் பார்ப்பார்.

பூட்டுப் போட்டு இரண்டு மாதம் கழித்து ஒரு முறை நிஜமாகவே ஐஸ் ஏறியது. ஒழுங்காக அவரிடம் சொன்னேன். மறுநாள் காலை அவர் வேலைக்குப் போகவில்லை. பிளக்கைப் பிடுங்கி, ஃப்ரீசரில் இருந்ததையெல்லாம் ஒரு குண்டானில் அடுக்கிப் போர்வையைச் சுற்றினார். கொதிக்கிற தண்ணீரை ஒரு சட்டியில் ஊற்றி ஃப்ரீசருக்குள் வைத்தார். கீழே பழைய துண்டுகளை விரித்தார். ஐஸ் தானாக விட்டு விழவேண்டும், சுரண்டக்கூடாது. விழுந்த பிறகு உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துடைக்கவேண்டும். அந்த ஈரம்தான் அடுத்த ஐஸுக்கு விதை. எல்லாம் முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சமையலறையில் இரண்டு பேர் நிற்க இடமில்லை. நான் குறுக்கும் நெடுக்கும் நடந்தது அவருக்கு எரிச்சலாக இருந்திருக்க வேண்டும்.

"நீ எங்கயாவது போயிட்டு வாயேன்," என்றார்.

எங்கயாவது. இரண்டு மாதத்தில் அந்த வார்த்தையை முதல் தடவையாகக் கேட்டேன். செருப்பைத் தேடினேன், அதன் மேல் தூசு படிந்திருந்தது. கீழே இறங்கி, முதலில் வந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எந்த ஊர் என்றுகூடப் பார்க்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை ஒரு டிக்கெட் என்றேன். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஒரு டீ குடித்து, அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். போக வர ஒரு மணி நாற்பது நிமிஷம். வழியில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு பெரிய மரக்கடை, கழுவி வரிசையாக நிறுத்திய லாரிகள். ஒன்றும் பெரிய அழகில்லை. நான் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன், சந்தோஷத்தில்.

வீட்டுக்கு வந்தபோது அவர் கதவு ரப்பரைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுப்பார். காகிதம் இறுக்கமாக நின்றால் ரப்பர் நல்ல ரப்பர். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று போகிறது, ஈரக் காற்று போனால் ஐஸ் கட்டும் என்று எனக்கு விளக்கினார். ஊசி நுழைகிற இடைவெளி போதும், மூன்று வாரத்தில் மலை ஏறிவிடும் என்றார். நான் தலையை ஆட்டினேன். கையில் அந்தப் பஸ் டிக்கெட் கசங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் எட்டரைக்குப் பூட்டு விழுந்தது. செருப்புச் சத்தம் தேய்ந்து அடங்கும் வரை நின்றேன். பிறகு டிக்கெட்டை எட்டாக மடித்து, ஃப்ரீசருக்கு நேர் மேலே, கீல் பக்கத்து மூலையில், ரப்பருக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகிக் கதவைச் சாத்தினேன். பார்த்தால் மூடியது போலத்தான் இருந்தது. விரலை வைத்தால் ஜில்லென்று ஓர் ஊதல். மாலை ஆறு மணிக்கு எடுத்து ரவை டப்பாவில் போட்டேன்.

மாமனார் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்திரமா வெச்சுக்கோம்மா," என்றார். "நடுவுல செக்கிங் ஏறுவாங்க."

சரியாக இருபதாம் நாள் ஐஸ் அரை விரல் கனம் தாண்டியது. அவர் லீவு போட்டார். நான் பஸ் ஏறினேன். புது டிக்கெட் கிடைத்தது, அதை எட்டாக மடித்தேன்.

இப்படியே ஏழு மாதம். ஐஸ் இறக்கும் நாள் எனக்குத் திருநாளாகிவிட்டது. தினமும் ஃப்ரீசரைத் திறந்து விரலை வைத்து அளப்பேன். விரல் நகம் அளவு வந்துவிட்டது, முதல் கணு வரவில்லை, இன்னும் ஐந்து நாள். அந்தப் பெட்டிக்குள் ஐஸ் வளர வளரத்தான் எனக்கு மூச்சு வந்தது. மாமனார் கதவைப் போட்டு உலுக்குகிற நாட்களில், இறங்கணும் இறங்கணும் என்று அழுகிற நாட்களில், நானும் ஃப்ரீசர் கதவைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பத்து அல்ல, இருநூறு வரை எண்ணியிருக்கிறேன். குற்ற உணர்ச்சி இல்லையா என்று கேட்டால், இருந்தது. ஆனால் பஸ் கிளம்பியதும் போய்விடும்.

அவர்தான் பாவம். அவருக்கு மண்டை காய்ந்தது. மாலையில் வந்து காகிதத்தை வைத்து இழுப்பார், கிண்ணென்று நிற்கும். ரப்பரை மாற்றினார். உள்ளே குளிரை அளக்கிற கருவியை மாற்றினார். பெட்டியை ஒரு விரல் பின்பக்கம் சாய்த்துப் பார்த்தார். தரையில் மட்டப்பலகை வைத்தார். மறுபடியும் ரப்பரை மாற்றினார். கூட வேலை செய்கிறவர்கள் எப்படியோ தெரிந்துகொண்டு, வைத்தியர் வீட்டிலேயே காய்ச்சலா என்று கிண்டல் பண்ண ஆரம்பித்தார்கள். வாடிக்கையாளர் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாராம். அன்று அவர் சாப்பிடாமல் ஃப்ரிட்ஜுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் எந்தப் பெட்டியும் தன்னை இப்படி மூக்குடைத்ததில்லை என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கு மூன்றாவது முறையாகக் கேட்டேன். சாவியை என்னிடம் கொடுங்க, நான் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்கிறேன், இல்லையென்றால் வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு மணி நேரம் நீங்கள் அப்பாவோடு இருங்க, எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது என்றேன். அவர் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. ரப்பருக்குள் இருக்கிற காந்தம் தளர்ந்திருக்குமோ என்று முனகிக்கொண்டே அதை நீவிக்கொண்டிருந்தார். அவர் கொடுத்திருந்தால் அன்றைக்கே டிக்கெட்டைக் கிழித்துப் போட்டிருப்பேன். சத்தியமாக.

அடுத்த வாரம் ஒரு வியாழக்கிழமை. காலை பத்தரை இருக்கும். படியில் தம்தம்மென்று கனமான சத்தம், இரண்டு ஆட்களின் முக்கல் முனகல். எங்கள் வாசலில் வந்து நின்றது. பெல் அடித்தது. நான் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பூட்டிருக்கு. அட்ரஸ் இதானே?"

"மூணாவது மாடி, மெக்கானிக் வீடு. இதான்."

"இத மறுபடி கீழ இறக்கணுமா? என் இடுப்பு அவ்ளோதான்."

யாருக்கோ போன் போட்டார்கள். அதற்குள் என் கையிலிருந்த பிஸ்கெட்டை வாங்கிக்கொள்ளாமல் மாமனார் கதவருகே போய்விட்டார். "உள்ள வாங்க, உள்ள வாங்க, படியில நிக்காதீங்க," என்று கணீரென்று குரல் கொடுத்தார். முப்பத்திரண்டு வருஷத் தொண்டை.

பிறகு எதிர் வீட்டுக் கதவு திறந்தது. டீச்சர் அக்கா அன்று லீவு போலிருக்கிறது.

"உள்ள யாரு?" என்றார்.

பதில் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒன்பது மாதம் இருந்தவளுக்கு இன்னும் ஒரு நாள் முடியாதா? ஆனால் என்னவோ அன்று முடியவில்லை.

"நான்தான் அக்கா," என்றேன். "நானும் மாமாவும்."

"பூட்டு வெளிய இருக்கேம்மா."

"தெரியும்க்கா. தினமும் அப்படித்தான்."

சொன்னதும் கதவோரமாகவே உட்கார்ந்துவிட்டேன். அக்கா அந்தப் பக்கம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் வேண்டுமா, சாப்பிட்டாயா என்று கேட்டார். எப்படிக் கொடுப்பார்? கதவுக்கு அடியில் ஒரு விரல்கூட நுழையாது. நான் அழுதுகொண்டே, சாப்பிட்டாச்சு அக்கா, சாப்பிட்டாச்சு அக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாற்பது நிமிஷம் கழித்து இவர் வந்தார். சாவி பூட்டுக்குள் நுழைய அன்று நேரம் எடுத்தது. கதவு திறந்தபோது மாடிப்படியில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நடுவில், அட்டைப் பெட்டிக்குள், என்னைவிட உயரமாக ஒரு புது ஃப்ரிட்ஜ். இரட்டைக் கதவு, ஐஸே கட்டாத ரகம், உள்ளே ஏறுகிற ஐஸைத் தானே கரைத்துக்கொள்ளும். பழைய பெட்டியிடம் தோற்றுப்போனதை ஒப்புக்கொண்டு, எனக்குச் சொல்லாமல், தவணையில் எடுத்திருக்கிறார்.

"இனிமே உனக்கு ஐஸ் தொல்லையே கிடையாது," என்றார். எல்லோர் முன்னாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சொன்னார்.

இனி ஐஸ் இறக்கும் நாள் இல்லை. இனி பஸ் இல்லை. எட்டரையிலிருந்து ஏழு வரை, இனி எல்லா நாளும் ஒரே நாள்.

ஆனால் புதுப் பெட்டி உள்ளே வர மறுத்தது. இவர் சமையலறையை அளந்திருந்தார், பிளக் இருக்கிற இடத்தை அளந்திருந்தார், பின்னால் சுவருக்கு விடவேண்டிய இடைவெளியைக்கூட அளந்திருந்தார். வாசலை அளக்கவில்லை. உள்ளே பக்கச் சுவர் இடிப்பதால் எங்கள் கதவு முழுதாகத் திறக்காது. இரண்டு விரல் குறைந்தது.

"கதவைக் கழட்டணும்ணே," என்றார் வந்தவர்களில் பெரியவர். "அந்தக் கொண்டியும் இடிக்குது."

எல்லோரும் கொண்டியைப் பார்த்தார்கள். இவர் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, தலை நிமிராமல், தான் போட்ட நாலு திருகாணியையும் தானே கழற்றினார். பிறகு கீல்கள். மேல் கீல் வரும்போது உளுத்துப்போன சட்டத்தையும் ஒரு பிடி பிய்த்துக்கொண்டு வந்தது. இதை இனிமேல் ஆசாரி வந்துதான் மாட்டவேண்டும், நாளைக்குத்தான் என்றார்கள். கதவு படிக்கட்டுச் சுவரில் சாய்ந்து நின்றது. வாசல் வெறும் ஓட்டையாக இருந்தது. மாடிப்படி வெளிச்சம் கூடம் வரை வந்தது.

ஆட்கள் புதுப் பெட்டியை நிறுத்திவிட்டுப் போனார்கள். அதை நாலு மணி நேரம் அசையாமல் நிற்கவிட்டுத்தான் போடவேண்டுமாம். இவர் பழைய பெட்டியைக் காலி பண்ண, பிளக்கைப் பிடுங்கி அதன் கதவைத் திறந்தார்.

மாலை ஆறு மணி இன்னும் ஆகவில்லை. டிக்கெட் அதன் இடத்தில் இருந்தது. அது மறந்தே போயிருந்தது எனக்கு.

அது கீழே விழுந்து அவர் கால் விரலில் பட்டது. குனிந்து எடுத்தார். ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். தேதியைப் படித்தார். கடைசியாக ஐஸ் இறக்கிய நாள். மறுபடியும் அதே மடிப்புகளில் எட்டாக மடித்து, அதே மூலையில் ரப்பரில் செருகி, கதவைச் சாத்தி, அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பெட்டியைப் பார்த்தபடியே கேட்டார்.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன்," என்றேன். "மூணு தடவை கேட்டேன். நீங்க ரப்பரை மாத்துனீங்க."

அவர் கதவைத் திறந்து டிக்கெட்டை மறுபடி கையில் எடுத்தார். மாமனார்தான் இடையில் வந்து அவர் விரலிடுக்கிலிருந்து டிக்கெட்டை உருவினார். கண்ணுக்குக் கிட்டே வைத்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இது பழசுப்பா. செல்லாது," என்றார். "அந்தம்மாவைப் புதுசா ஒண்ணு எடுக்கச் சொல்லு."

நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். சாவி கேட்கவேண்டியதில்லை, கதவே இல்லை. போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் தடுக்கவில்லை. தலையையும் ஆட்டவில்லை. டீச்சர் அக்கா தன் வாசலில் நின்று, நான் படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசி நிறுத்தம் வரை போனேன். டீ குடித்தேன். அழவில்லை. வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன், பாதி வழியில் திட்டு தீர்ந்துவிட்டது. மிச்சப் பாதியில், கதவில்லாத வீட்டில் மாமனாரை என்ன செய்துகொண்டிருக்கிறாரோ என்ற கவலை வந்து உட்கார்ந்துகொண்டது.

வந்து பார்த்தால், வாசல் ஓட்டையின் குறுக்கே நாற்காலியைப் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். சட்டை முன்பக்கம் பொத்தான் பிய்ந்து தொங்கியது. உள்ளே மாமனார் அவர் தோளைப் பிடித்து, ஸ்டாப்பிங் வந்தாச்சு இறங்கணும் என்று மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். சமையலறையில் பழைய பெட்டியிலிருந்து ஐஸ் கரைந்து, துடைக்க ஆளில்லாமல், கூடம் வரை தண்ணீர் வந்திருந்தது.

"பாத்ரூம்கூடப் போக முடியல," என்றார் என்னைப் பார்த்ததும். குரல் உடைந்திருந்தது. "ரெண்டு மணி நேரம். நகர முடியல."

பத்தரை மணி நேரம் என்று நான் சொல்லவில்லை. அவர் எழுந்து போகட்டும் என்று நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

அன்றிரவு வாசலில் கட்டிலைக் குறுக்கே போட்டு அவரே படுத்துக்கொண்டார்.

காலையில் ஆசாரி வந்தார். உளுத்த சட்டத்தை வெட்டியெடுத்துப் புதுக் கட்டை வைத்து, கீலை மாட்டி, கதவைத் தூக்கி நிறுத்தினார். மறுபடியும் வாசல் அடைபட்டது. மாடிப்படி வெளிச்சம் போய்விட்டது. ஆசாரி தரையில் கிடந்த கொண்டியைக் கையில் எடுத்து, வெளிப்பக்கம் போய் நின்றார்.

"இது இங்க இருந்துதானே? பழைய ஓட்டையிலயே போட்டுடவா?"

அந்த நாலு ஓட்டைகளையும் இவர் பார்த்துக்கொண்டே நின்றார். நான் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த சண்டை முழுக்க என் நாக்கு நுனியில் இருந்தது. அவர் அதற்கு இடம் வைக்கவில்லை.

"அவங்களைக் கேளுங்க," என்றார் ஆசாரியிடம். "பகல்ல வீட்டுல இருக்கிறது அவங்கதான்."

"உள்பக்கம்," என்றேன்.

"எவ்ளோ உயரத்துலம்மா?"

மாமனாரின் கைக்கு எட்டாத உயரம் வேண்டும். நான் எம்பிக் கையைத் தூக்கி, விரல் படும் இடத்தைக் காட்டினேன். ஆசாரி அங்கே பென்சிலால் புள்ளி வைத்தார்.

மறுநாள் எட்டரைக்கு இவர் வேலைக்குக் கிளம்பினார். வெளியே போய், பழக்க தோஷத்தில் கை பூட்டைத் தேடிக் கதவின் மேல் போனது. அங்கே நாலு ஓட்டைதான் இருந்தது. கையைக் கீழே போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருக்கிறேன் என்றார். ஃப்ரிட்ஜைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை ஞாயிறு இருக்கிறார் என்று பார்க்கலாம். ரவை டப்பாவில் பழைய டிக்கெட் இன்னும் பத்து இருக்கிறது, அவற்றை நான் தூக்கி எறிந்துவிடவில்லை.

ஸ்டூலைப் போட்டு ஏறி நான் பூட்டினேன். 'டக்' என்றது. அதே சத்தம்தான். உள்ளே அதே கூடம், அதே மாமனார், மாலை ஏழு மணி வரை நான் அவரை விட்டு நகர முடியாது என்பதும் அதேதான். சாவியை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பத்தரை மணிக்குப் பெல் அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிறகுதான் நினைவு வந்தது.

"யாரு?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, ஸ்டூலில் ஏறினேன்.